மலைத்தீவில் மருத்துவம்: ரீயூனியன் தமிழர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தியப் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்குக் கோயில் பணிக்காகத் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரும் அர்ச்சகர்களும் சிற்பிகளும் நாதசுரக் கலைஞர்களும், பிரெஞ்சுக் குடியுரிமையோடு புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பத்தினரும், பேரப்பிள்ளையைப் பார்க்க வரும் பெற்றோரும் கேட்ட கேள்விகளே இங்கு உள்ளன. நான் மருத்துவர் அல்லன். பிரெஞ்சு தெரியாத நம்மவர்களுடன் மருத்துவமனைக்குப் போய் மொழிபெயர்த்து உதவுபவன். ஆகவே இதில் மருத்துவ ஆலோசனை குறைவாகவும், எங்கே போவது, யாரைக் கேட்பது, என்ன சொல்வது என்ற வழித்துணைச் செய்திகள் கூடுதலாகவும் இருக்கும்.

தீவில் பெரிய மருத்துவமனைகள் எங்கெங்கே உள்ளன?

ரீயூனியனின் பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் நடுவே 3,070 மீட்டர் உயரத்தில் பித்தோன் தே நேஜ் நிற்கிறது. அதைச் சுற்றி மஃபாத், சலாசி, சிலாவோஸ் என்னும் மூன்று பெரும் மலைக்கிண்ணங்கள் சரிந்து கிடக்கின்றன. இதனால் மக்களும் சாலைகளும் மருத்துவமனைகளும் கடற்கரையை ஒட்டி ஒரு வளையமாக அமைந்துவிட்டன.

வடக்கே தலைநகர் சேன் தெனியின் பெல்பியேர் மேட்டில் ஃபெலிக்ஸ் குயியோன் மருத்துவமனை இருக்கிறது. தெற்கே சேன் பியேரில் இன்னொரு பெரிய மருத்துவமனை இருக்கிறது. இவ்விரண்டும் 2012 முதல் ஒரே பல்கலைக்கழக மருத்துவமனையின் இரு கிளைகள். இங்கே எல்லோரும் அதை 'சே.ஆஷ்.யு.' என்றே சொல்வார்கள். கிழக்கே சேன் பெனுவாவில் ஓர் அரசு மருத்துவமனையும், மேற்கே சேன் போலில் 2019இல் புதுக் கட்டடத்தில் திறக்கப்பட்ட மருத்துவமனையும் உள்ளன. இவை தவிர சேன் தெனி, லெ போர், லெ தாம்போன் போன்ற ஊர்களில் 'கிளினிக்' எனப்படும் தனியார் மருத்துவமனைகள் உண்டு. நம்மூரில் கிளினிக் என்றால் ஒரே மருத்துவர் உட்கார்ந்து ஊசி போடும் சிறிய இடம். இங்கே அது அறுவை அரங்குகளோடு கூடிய முழு மருத்துவமனை. சமூகப் பாதுகாப்பு அட்டை, அதாவது அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை, அங்கும் செல்லும்.

எந்தச் சிகிச்சை வடக்கே, எந்தச் சிகிச்சை தெற்கே?

புதிதாக வருபவர்களைக் குழப்புவது இதுதான். ஏறத்தாழ 9 லட்சம் பேர் வாழும் தீவில், ஒவ்வொரு நுண்பிரிவையும் இரண்டு இடத்தில் வைத்து நடத்தும் அளவுக்கு நோயாளிகளும் இல்லை, வல்லுநர்களும் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை மட்டும் செய்யும் அறுவையில் மருத்துவரின் கை பழக்கம் இழந்துவிடும் என்பதும் ஒரு காரணம். எனவே இரு கிளைகளும் வேலையைப் பகிர்ந்துகொண்டுள்ளன.

திறந்த இதய அறுவை வடக்கே சேன் தெனியில் நடக்கிறது. மூளை, தண்டுவட அறுவை தெற்கே சேன் பியேரில் நடக்கிறது. கடுமையான தீக்காயத்துக்கான தனிப்பிரிவும், ஆழ்கடல் மூழ்குபவர்களுக்கு ஏற்படும் கோளாற்றுக்கு உயர் அழுத்த ஆக்சிஜன் தரும் அறையும் தெற்கிலேயே உள்ளன. குழந்தைகளின் புற்றுநோய்க்கு வடக்கே போக வேண்டும். கதிர்வீச்சுச் சிகிச்சை சேன்த் குளோத்தில்த் தனியார் மருத்துவமனையிலும் சேன் பியேரிலும் கிடைக்கிறது. குறைமாதக் குழந்தைகளுக்கான மிக உயர்நிலைத் தீவிரச் சிகிச்சை இரு கிளைகளிலும் உண்டு.

இதன் பொருள் என்னவென்றால், சேன் தெனியில் பெரிய மருத்துவமனைக்கு எதிர்வீட்டிலேயே குடியிருப்பவருக்கும் தலையில் இரத்தக்கசிவு என்றால் தீவின் மறுமுனைக்குப் போக வேண்டிவரலாம். சேன் பியேரில் இருப்பவருக்கு இதய வால்வு மாற்ற வேண்டுமானால் வடக்கே வர வேண்டிவரலாம். இரண்டு ஊர்களுக்கும் இடையே கடற்கரைச் சாலையில் 80 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 2009இல் மேற்குச் சரிவில் தமரேன் சாலை திறந்தபின் பயணம் எளிதானது உண்மைதான். என்றாலும் காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் அந்தச் சாலையில் நின்று பார்த்தவர்களுக்கு, கிலோமீட்டரை வைத்து நேரத்தைக் கணக்கிடக் கூடாது என்பது தெரியும்.

அப்படியானால் அவசரத்தில் எந்த மருத்துவமனைக்கு ஓடுவது?

ஓடாதீர்கள், 15ஐ அழையுங்கள். அது 'சாமு' எனப்படும் அவசர மருத்துவச் சேவையின் எண். 112ஐ அழைத்தாலும் உதவி கிடைக்கும். காது கேளாதவர்கள் 114க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம்.

நம்மவர்கள் செய்யும் முதல் தவறு, ஆம்புலன்சு வர நேரமாகும் என்று எண்ணி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆளைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு அருகிலுள்ள மருத்துவமனைக்குப் பறப்பது. ஊரில் அது பழக்கம். அங்கே பல சமயம் அதுவே சரியாகவும் இருக்கும். இங்கே 15ஐ அழைத்தால் முதலில் ஒருவர் பெயரும் இடமும் கேட்டுக்கொண்டு, அடுத்து ஒரு மருத்துவரிடமே இணைப்பைக் கொடுக்கிறார். எந்தப் பிரிவு எங்கே இருக்கிறது, எங்கே படுக்கை காலியாக இருக்கிறது, ஹெலிகாப்டர் பறக்க வானம் இடம் கொடுக்கிறதா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தேவைப்பட்டால் மருத்துவரும் செவிலியரும் கருவிகளோடு உங்கள் வீட்டுக்கே வந்து, கூடத்திலேயே சிகிச்சையைத் தொடங்கிவிட்டு, பிறகு சரியான மருத்துவமனைக்கு நேரே கொண்டுபோவார்கள். நீங்களாக ஓட்டிச் சென்றால் தவறான மருத்துவமனையில் இறங்கி, அங்கிருந்து மீண்டும் வண்டியேற வேண்டிவரும். முகம் கோணி, ஒரு கை தொங்கி, பேச்சுக் குழறினால் இது இன்னும் முக்கியம். மூளையின் இரத்தக்குழாயை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக 4½ மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதனால், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு அழையுங்கள்.

இணைப்பில் இருக்கும்போது ஊர், தெரு, மாடி, வாசலில் பூட்டு எண் இருந்தால் அது, திரும்ப அழைக்க வேண்டிய தொலைபேசி எண் ஆகியவற்றை முதலில் சொல்லுங்கள். நோயை விவரிப்பது பிறகு. அவர் சொல்லும்வரை இணைப்பைத் துண்டிக்காதீர்கள்.

எனக்குப் பிரெஞ்சு வராது. எப்படிச் சொல்வது?

இத்தீவின் 'மல்பார்' மக்களின் முன்னோர் பெரும்பாலும் தமிழ் பேசியவர்கள். அவர்கள் 1848இல் அடிமைமுறை ஒழிந்தபின் பெருந்தொகையாகக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளராக வந்தவர்கள். பெயரிலும் வழிபாட்டிலும் தமிழ் நிலைத்திருந்தாலும் இன்று அவர்கள் வீட்டுமொழி பிரெஞ்சிலிருந்து உருவான கிரெயோல்தான். வெள்ளைக் கோட்டின் மேல் நம்மூர்ப் பெயரைக் கண்டதும் அவரிடம் தமிழில் கொட்டிவிடாதீர்கள். அன்பாகச் சிரிப்பார், ஒன்றும் புரிந்திருக்காது.

ஒரு சொல்லை மட்டும் மறவாதீர்கள். கோயில் திருப்பணிக்கு வந்திருந்த சிற்பி ஒருவருக்கு இரவு நெஞ்சில் பாரம் ஏற்பட்டது. அவர் கைபேசியில் தேடிப் பிடித்து, "மால் ஓ கேர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் அது இதயவலிதான். ஆனால் பிரெஞ்சில் அதன் பொருள் குமட்டல். அவசரப் பிரிவில் அவர் கையில் ஒரு வாந்திப் பையைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, "தம்பி, எனக்கு வாந்தியே வரலையே, ஏன் இதைக் கொடுத்தாங்க?" என்று கேட்டார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உள்ளே போய்ச் சொன்னதும் உடனே இதயத் துடிப்பை வரைந்து பார்த்தார்கள். நல்லவேளையாக அன்று அவர் தப்பினார். நெஞ்சுவலிக்குச் சொல்ல வேண்டியது "துலேர் ஆ லா புவாத்ரின்". மூச்சுத் திணறலுக்கு "ஜ நரீவ் பா ஆ ரெஸ்பிரே". இவ்விரண்டையும் தமிழ் எழுத்திலேயே எழுதிக் கைபேசிக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள்.

அளவைகளிலும் ஒரு குழப்பம் உண்டு. ஊரில் 'சுகர் இருநூறு' என்போம். இங்கே லிட்டருக்கு இத்தனை கிராம் என்பதே வழக்கம், எனவே அது 2 ஆகிவிடும். 126 என்றால் இங்கே 1.26. காய்ச்சலை 'நூத்தி ரெண்டு' என்று சொன்னால் செவிலியர் விழிப்பார். அது இங்கே ஏறத்தாழ 39. மாத்திரைப் பெயர்களும் அப்படித்தான்: ஊரின் 'டோலோ'வும் இங்குள்ள 'தோலிப்ரான்'உம் பாராசிட்டமாலே. இரண்டையும் வேறு வேறு மருந்தென்று நினைத்துச் சேர்த்து விழுங்கினால் கல்லீரலுக்கு ஆபத்து. அட்டையில் வணிகப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைக் காட்டினால் மருந்துக்கடைக்காரர் ஒரு நொடியில் புரிந்துகொள்வார்.

சேர்க்கையின்போது 'பெர்சோன் தெ கோன்ஃபியான்ஸ்', அதாவது நோயாளி நம்பும் ஒருவர், யார் என்று எழுதிக் கேட்பார்கள். 2002 மார்ச் 4ஆம் தேதிச் சட்டம் நோயாளிக்குக் கொடுத்த உரிமை அது. பிரெஞ்சு தெரிந்த உறவினர் அல்லது நண்பர் பெயரை எழுதுங்கள். நோயாளி பேச முடியாத நிலையில் அவர் விருப்பம் என்னவென்று மருத்துவர்கள் இவரைத்தான் கேட்பார்கள். வயதில் மூத்தவர் என்பதற்காக மொழி தெரியாத பெரியப்பாவின் பெயரை எழுதினால் யாருக்கும் பயனில்லை.

சிலாவோசிலும் சலாசியிலும் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்?

சிலாவோஸ் ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு சிறிய மருத்துவமனையும், மூட்டுநோய்க்காரர்கள் நாடிவரும் வெந்நீர் ஊற்றுக் குளியலகமும் உள்ளன. அறுவைக்கும் பிரசவத்துக்கும் இறங்கித்தான் வர வேண்டும். சேன் லூயியிலிருந்து ஏறும் ஐந்தாம் எண் சாலையில் 400க்கு மேல் வளைவுகள் இருப்பதாகச் சொல்வார்கள். எண்ணிப் பார்க்க நான் முயன்றதில்லை. வயிறு அதற்கு ஒத்துழைப்பதில்லை. பேருந்து ஒன்று மட்டுமே நுழையக்கூடிய சுரங்கப் பாதைகளில் எதிர்வண்டி பின்னோக்கி நகர்ந்து வழிவிட வேண்டும். சலாசிக்குச் சேன் தாந்த்ரேயிலிருந்து ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே ஏறும் சாலை இதைவிட எளிது. ஆனால் மழைக்காலத்தில் இரண்டிலும் மண்ணும் பாறையும் விழுந்து வழி அடைபடும்.

மழை என்றால் என்ன மழை என்று கேட்கலாம். 1966 ஜனவரியில் இத்தீவின் எரிமலைச் சரிவிலுள்ள ஃபோக்ஃபோக்கில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது. அது உலகச் சாதனை. சென்னையில் ஓராண்டு முழுதும் பெய்வதைவிட அது அதிகம். அப்படிப்பட்ட மலையில் சாலை நிலைத்து நிற்பதே வியப்பு.

மலைக்கிண்ணங்களில் குடியிருப்பவர்கள், அங்குள்ள சிறு கோயில்களில் ஊழியம் செய்பவர்கள், நாட்பட்ட நோய்க்கு மருந்து எடுப்பவராயின் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கையிருப்பை முற்றிலும் தீரவிடக் கூடாது. சிறப்பு மருத்துவரிடம் நாள் வாங்கும்போது, மலையிலிருந்து வருகிறேன் என்று சொல்லி முற்பகல் பிந்திய நேரமாகக் கேளுங்கள். பெரும்பாலும் கொடுப்பார்கள். ஒரே நாளில் இரத்தப் பரிசோதனை, கதிர்ப்படம், மருத்துவர் என மூன்றையும் அடுக்கித் தரும்படியும் கேட்கலாம். கேட்காதவருக்கு மூன்று தனித்தனி நாள்கள்தான் விழும்.

மஃபாத்துக்குள் சாலையே இல்லையாமே?

இல்லை. அங்கு வாழும் சில நூறு பேரும் நடந்தோ ஹெலிகாப்டரிலோதான் வெளியே வர முடியும். லா நூவேல் போன்ற குடியிருப்புகளில் சிறு மருந்தகங்கள் உண்டு; செவிலியர்கள் பார்த்துக்கொள்கிறார்கள், மருத்துவர் குறிப்பிட்ட நாள்களில் வந்து போகிறார்.

நம்மவர்கள் மஃபாத்தில் குடியிருப்பது அரிது. விருந்தினரை அழைத்துக்கொண்டு மலை நடைக்குப் போவதுதான் வழக்கம், கேள்வி வருவதும் அதனால்தான். வழியில் கால் முறிந்தாலோ மயக்கம் வந்தாலோ மீட்க வருபவர்கள் 'பே.ஜே.ஆஷ்.எம்.' எனப்படும் ஜாந்தார்ம் (பிரெஞ்சு இராணுவக் காவல்துறை) மலைமீட்புப் படையினர். 112ஐ அழைத்தால் அவர்களுக்குத் தகவல் போகும். பிற்பகலில் மேகம் மலையை மூடிவிட்டால் ஹெலிகாப்டர் இறங்க முடியாது. அதனால் விடியற்காலையில் புறப்படுங்கள். கைபேசியில் சிக்னல் கிடைக்காத பள்ளங்கள் உண்டு, தனியாகப் போகாதீர்கள். அறுபது வயதைத் தாண்டிய தந்தையாரை ரப்பர் செருப்போடு கூட்டிச் செல்லாதீர்கள் என்று சொன்னால் சிலர் கோபப்படுகிறார்கள். கண்ணால் பார்த்ததால் சொல்கிறேன்.

புயல் எச்சரிக்கை வந்தால் நோயாளிகள் என்ன செய்ய வேண்டும்?

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, ஊதா என்று எச்சரிக்கை ஏறும். சிவப்பு அறிவித்தபின் வெளியே நடமாடத் தடை. ஊதா என்றால் மீட்புப் பணியாளர்களும் உள்ளேயே இருந்தாக வேண்டும். 15ஐ அழைத்தால் மருத்துவர் தொலைபேசியில் வழிசொல்ல முடியுமே தவிர வண்டி வராது. 2024 ஜனவரி 15இல் பெலால் புயல் வந்தபோது ஊதா அறிவிக்கப்பட்டது. 2025 பிப்ரவரி 28இல் கரான்ஸ் புயல் வடக்குப் பகுதியைத் தாக்கிப் பல இடங்களில் மின்சாரமும் குடிநீரும் இல்லாமல் செய்தது.

எனவே முடிவெடுக்க வேண்டிய நேரம் ஆரஞ்சுதான். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் அன்றே தங்கள் மையத்தை அழைக்க வேண்டும். முறையை முன்கூட்டியே மாற்றித் தருவார்கள். வீட்டில் ஆக்சிஜன் கருவி வைத்திருப்பவர்கள் மின்சாரம் போனால் என்ன மாற்று என்று கருவி தந்த நிறுவனத்தைக் கேட்க வேண்டும். நிறைமாதக் கர்ப்பிணிகள், குறிப்பாக மேட்டுப்பகுதியில் இருப்பவர்கள், மருத்துவமனைக்கு அருகில் உள்ள உறவினர் வீட்டுக்கு இறங்கிவிடுவது நல்லது. இன்சுலினை மின்வெட்டில் காப்பாற்ற, நம் வீட்டு மண்சட்டியில் ஈரமணல் போட்டு அதன்மேல் ஒரு சிறு மூடிய டப்பாவில் வைத்தாலே போதும். பயன்பாட்டில் உள்ள பேனா பொதுவாக 30 டிகிரிக்குக் கீழ் நான்கு வாரம் தாங்கும்.

சர்க்கரை நோயாளி தீமிதிக்கவோ காவடி எடுக்கவோ விரதம் இருக்கலாமா?

இத்தீவில் பத்தில் ஒருவர் சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பதாகக் கொள்ளலாம்; ஐரோப்பாவிலுள்ள பிரான்சு பெருநிலத்தைவிட இது ஏறத்தாழ இரு மடங்கு. சோறும் பருப்பும் இனிப்புப் பானமும் ஒருபுறம், மரபு மறுபுறம். நம் சமூகத்தில் இந்நோய் இல்லாத வீடு குறைவு.

பாண்டியாலே (திரௌபதி) அம்மனுக்குத் தீமிதிக்க 18 நாளும், முருகனுக்குக் காவடி எடுக்க 10 நாளும் இங்கே 'கரேம்' எனும் விரதம் காப்பார்கள். இறைச்சியை விட்டுக் காய்கறி உண்பது சர்க்கரைக்கு நல்லதே. ஒருவேளை மட்டும் உண்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். இன்சுலினோ, கணையத்தைத் தூண்டும் மாத்திரையோ எடுத்துக்கொண்டு உணவைத் தவிர்த்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி, ஊர்வலத்தின் நடுவில் விழுவீர்கள். சுற்றியிருப்பவர்கள் அருள் வந்ததாக நினைத்துக் கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள். விரதம் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் போய் அளவை மாற்றி வாங்குங்கள். "கரேம்" என்ற சொல் இங்குள்ள எந்த மருத்துவருக்கும் தெரியும், விளக்க வேண்டியதில்லை.

தீமிதி வேறு. நாட்பட்ட சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி மங்கிவிடும். மற்றவர்க்குச் சுடும்போது கால் தானாக விரையும்; உணர்ச்சி மங்கியவருக்கு விரையாது. புண்ணானதும் தெரியாது, ஆறவும் ஆறாது. அப்படியுள்ளவர்கள் நேர்த்திக்கடனை மகனோ மருமகனோ செலுத்தட்டும் என்று பூசாரியிடம் கேட்டால், எனக்குத் தெரிந்த எந்தப் பூசாரியும் மறுத்ததில்லை. யாருக்குச் சுட்டாலும் குழாய்த் தண்ணீரைக் கால் மணி நேரம் மெல்ல ஓடவிட்டுக் குளிர்வியுங்கள். மஞ்சள், பற்பசை, எண்ணெய் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். 15ஐக் கேட்டுவிட்டுப் போனால், அருகிலுள்ள மருத்துவமனையே போதுமா, சேன் பியேர் தீக்காயப் பிரிவு வேண்டுமா என்பதை அவர்களே சொல்வார்கள்.

செலவு எவ்வளவு ஆகும்? யார் கொடுப்பது?

1946இல் பிரான்சின் மாவட்டமான தீவு இது. பெருநிலத்தின் சமூகப் பாதுகாப்பு முறையே இங்கும் நடக்கிறது. வேலை ஒப்பந்தத்தோடு வந்தவருக்கு வேலையில் சேர்ந்தது முதலே காப்பு உண்டு. மற்றவர்கள் முறையான தங்கும் அனுமதியோடு மூன்று மாதம் நிலையாக வாழ்ந்தபின் 'சே.ஜே.எஸ்.எஸ்.' அலுவலகத்தில் பதியலாம். பச்சை நிறக் 'கார்த் வித்தால்' கைக்கு வரச் சில மாதம் பிடிக்கலாம். அதுவரை கொடுக்கும் சான்றுத்தாளே அட்டைக்குச் சமம். அதை மடித்து மடித்துக் கிழித்துவிடாமல் வையுங்கள்.

அடுத்து, 'மெத்சேன் த்ரெத்தான்' என்னும் குடும்ப மருத்துவரை ஒருவராகத் தேர்ந்து பதிவு செய்யுங்கள். அவர் வழியாகச் சிறப்பு மருத்துவரிடம் போனால் நிர்ணயித்த கட்டணத்தில் 70 விழுக்காடு திரும்பி வரும். நேரே போனால் 30தான். கண், மகப்பேறு போன்ற சில மருத்துவர்களிடம் மட்டும் நேரே போகலாம். எஞ்சியதில் பெரும்பகுதியை 'முத்துவேல்' என்னும் துணைக் காப்பீடு கொடுக்கும். பெயரைக் கேட்டு முருகன் பெயரென்று சிரித்த அர்ச்சகர் ஒருவர், மாதச் சந்தாவைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். வருமானம் குறைந்தவர்கள் அதை இலவசமாகவோ சிறு தொகைக்கோ பெற விண்ணப்பிக்கலாம். சர்க்கரை, புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு போன்ற நீண்டகால நோய்களுக்கு 'ஆ.எல்.தே.' எனும் முழுக்காப்பு உண்டு. குடும்ப மருத்துவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஆறாம் மாதத் தொடக்கம் முதல் முழுக்காப்பு.

நெடுந்தூரம் போக வேண்டிய சிகிச்சைக்கு ஆம்புலன்சோ ஒப்பந்த டாக்சியோ தேவையானால், பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம் போக்குவரத்துச் சீட்டு எழுதி வாங்குங்கள். போய் வந்த பிறகு கேட்டால் எழுதித் தருவது கடினம்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவுக்கு?

அவர்களுக்குச் சமூகப் பாதுகாப்பு இல்லை, பயணக் காப்பீடுதான். இங்கே பலர் ஏமாறுகிறார்கள். ரீயூனியன் பிரான்சுதான், ஆனால் சேங்கன் பகுதி (ஐரோப்பாவின் பொது விசா வட்டாரம்) அன்று. விசாவும் தனி. 'சேங்கன் நாடுகள்' என்று மட்டும் எழுதிய காப்பீடு இங்கே செல்லாமல் போகலாம். பத்திரத்தில் ரீயூனியன் என்ற பெயர் இருக்கிறதா, ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இதய நோய்கள் விலக்கப்பட்டுள்ளனவா, ஊருக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் செலவு அடங்குமா என்ற மூன்றையும் சென்னையில் பணம் கட்டும் முன்பே படியுங்கள். உயிருக்கு ஆபத்தான நிலையில் பணம் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். கட்டணச் சீட்டு பின்னால் வரும், படுக்கைக்கு ஒரு நாள் கட்டணமே ஆயிரம் யூரோவைத் தாண்டக்கூடும்.

பாரிசுக்கு அனுப்புகிறோம் என்றார்கள். நிலைமை மோசம் என்று பொருளா?

அவசியமில்லை. கல்லீரல், நுரையீரல் மாற்று போன்றவை இங்கு நடப்பதில்லை. சில அரிய நோய்களுக்கான வல்லுநர்களும் பெருநிலத்தில்தான் உள்ளனர். மருத்துவக் காரணத்துக்காக விமானத்தில் அனுப்புவதை 'எவாசான்' என்பார்கள். 9,000 கிலோமீட்டருக்கு மேல், ஏறத்தாழ 11 மணி நேரம். இங்குள்ள மருத்துவர் காரணம் எழுதி, சே.ஜே.எஸ்.எஸ்.ஸின் மருத்துவப் பிரிவு முன்னனுமதி தந்தால் பயணச் செலவை ஏற்பார்கள். துணைக்கு ஒருவர் வேண்டுமானால் அதற்கும் தனியே காரணம் எழுதச் சொல்லுங்கள். மாயோத் தீவிலிருந்து நோயாளிகள் இங்கே அனுப்பப்படுகிறார்கள், இங்கிருந்து பாரிசுக்கு. எல்லாத் தீவுக்கும் ஒரு மேல்தளம் இருக்கிறது.

காய்ச்சலுக்கு எப்போது மருத்துவரிடம் போவது?

இத்தீவு 1979 முதல் மலேரியா அற்றது. எனவே ஊருக்குப் போய்த் திரும்பி மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், 'இந்தியாவிலிருந்து வந்தேன்' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மலேரியா அவர்கள் நினைவுக்கு வராமல் போகலாம். டெங்கு இங்கும் உண்டு. சிக்குன்குனியா 2005, 2006இல் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்களைப் பிடித்தது. 2025இல் மீண்டும் பெருமளவில் பரவியது. உறுதியாகும்வரை ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும்.

மழைக்காலத்தில் தோட்டத்திலோ ஓடையிலோ வெறுங்காலோடு வேலை செய்தபின் கெண்டைக்கால் வலியோடு காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். சிறுநீரகத்தையும் நுரையீரலையும் தாக்கக்கூடிய அதற்கு ஆன்டிபயாடிக் மருந்தை விரைந்து தொடங்க வேண்டும். கோயில் நந்தவனத்தில் களை பறிப்பவர்கள் முழங்கால்வரை ரப்பர் காலணி போட்டுக்கொள்ளுங்கள். நந்தவனம் சன்னிதிக்கு வெளியேதான் இருக்கிறது. காலணிக்கு அங்கே தடையில்லை.